உப்பு பார்க்க ஓர் ஆள்

பழங்காநத்தத்தில் தன் வீட்டு ஈஸ்டர் குழம்பு கொதிக்க ஆரம்பித்தால், அழகர்கோவில் மலையில் உள்ள குரங்குகள் அத்தனையும் பஸ் ஏறி வந்து வாசலில் வரிசை கட்டி நிற்கும் என்பாள் பிலோமினாள். கேட்கிறவர் வாயைப் பிளந்தால் அவளே இறங்கி வருவாள். "கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிட்டேன். பொட்டக் குரங்குக்குத்தான் டவுன் பஸ்ல டிக்கெட் இல்ல, அதுக மட்டும் பஸ்ல வரும். ஆம்பளக் குரங்கெல்லாம் நடந்துதான் வரணும்."

இப்படி உள்ளதைக் கூட்டிச் சொல்வது அவளுக்குப் பிறவியிலேயே வந்தது. சோழவந்தானில் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிப் பிழைத்த குடும்பம் அவளுடையது. கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தாள். தட்டச்சில் ஹையர் பாஸ் பண்ணினாள். மதுரையில் ஒரு மிஷன் பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வும் பெற்றாள். மதுரையில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி வைத்ததே தான்தான் என்று இன்றைக்கும் சொல்வாள். அதே பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த ஆரோக்கியநாதனைக் கட்டிக்கொண்டதால் அவளுடைய கதைகளுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு தணிக்கை அதிகாரி வாய்த்தார். கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வந்தார்கள் என்று இவள் தொடங்கினால், பக்கத்து நாற்காலியிலிருந்து தலை நிமிராமலே, "முந்நூத்தி அம்பது" என்பார் அவர்.

ஆரோக்கியநாதன் சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அதனால் வந்ததுதான் எல்லாத் தொந்தரவும். தலைமையாசிரியரோடு ஏதோ பேச்சு முற்றி, "இனி இந்த ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மூன்று தலைமையாசிரியர்கள் மாறினார்கள். அவர் ஓய்வு பெறும் நாள்வரை அந்த அறை வாசலில் நின்றேதான் கையெழுத்துப் போட்டார். மனிதர் மேல் இருந்த கோபம் என்றைக்கோ ஆறிப்போயிருந்தது. வாயிலிருந்து வந்த சொல் மட்டும் ஆறவில்லை.

மகள் டயானாவிடமும் அப்படி ஒரு சொல்லைத்தான் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம், அவள் போட்டுக் கொடுத்த காப்பி அவர் கையில் இருந்தது. விளக்குத்தூண் பக்கம் பை, பெட்டி விற்கும் கடை வைத்திருக்கிற தவ்பீக்கைக் கட்டிக்கொள்ளப் போவதாக அவள் சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை. டம்ளரை மேசையில் வைத்தார். "இனிமே உன் கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன். ஒரு பருக்கை திங்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் பாட்டுப் பழகப் போய்விட்டார். அந்தக் காப்பியைப் பிலோமினாள்தான் எடுத்துக் கொட்டினாள். இந்த ஒன்றை மட்டும் அவள் எவரிடமும் கூட்டிச் சொன்னதில்லை. குறைத்துச் சொல்லவும் அவளுக்கு வழி தெரியவில்லை.

நிக்காஹ் நடந்தது. டயானா அங்கே சமீனா ஆனாள். கோயிலில் ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் தானே பிள்ளையை ஏந்தி நின்று வைத்த பெயர் இப்போது இல்லை என்று கேள்விப்பட்ட அன்று ஆரோக்கியநாதன் சுவரில் தொங்கிய நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தி ஹுமா பிறந்தபோது பிலோமினாள் மட்டும் போய் வந்தாள். மாதம் ஒரு தடவை காஜிமார் தெருவுக்குப் போய் மகளைப் பார்ப்பாள். திரும்பி வந்ததும் அவர் எதுவும் கேட்க மாட்டார். இவள் அடுக்களையில் பாத்திரத்தோடு பேசுகிற மாதிரி எல்லாவற்றையும் சொல்வாள். அவர் பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

பொங்கல் கழிந்து ஆரோக்கியநாதனுக்கு நெஞ்சில் வலி வந்தது. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு அடைப்பை எடுத்து, சிறு வலை ஒன்றை உள்ளே வைத்து அனுப்பினார்கள். அவர் அங்கே இருந்த நாளெல்லாம் டயானா வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரவில்லை, உள்ளே வா என்று எவரும் சொல்லவில்லை. ஒருநாள் நர்சு ஒருத்தி அவளிடம், பேஷண்டுக்கு நீங்க யாரு என்று கேட்டாள். டயானா கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரிஞ்சவங்க" என்றாள்.

வாசல் திரைக்கு இந்தப் பக்கம் அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்பது பிலோமினாளுக்குத் தெரியும். தூங்குகிறவருக்குத் தொண்டைக்குழி அப்படி ஏறி இறங்காது.

வீடு வந்த இரண்டாம் நாள், மாத்திரையை விழுங்கிவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "ஈஸ்டருக்கு வரச் சொல்லு. எல்லாரையும்."

பிலோமினாள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அந்தச் சொல் கலைந்துபோகும் என்று பயந்தாள். கொல்லைப்புறம் போய் நின்று மகளுக்குப் போன் பண்ணினாள். எல்லாரையுமா என்று அந்தப் பக்கம் டயானா இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "வாரோம்மா" என்று வந்தது.

அவசரத்தில் மூன்று பேருமே நாட்காட்டியைப் பார்க்க மறந்தார்கள். அந்த வருடம் ஈஸ்டர் மார்ச் கடைசியில் வந்தது. சாம்பல் புதன் கழிந்து, தவக்காலம் பாதி ஓடியபோது ஒரு ராத்திரி பள்ளிவாசலில் பிறை பார்த்த அறிவிப்பு கேட்டது. அப்போதுதான் பிலோமினாளுக்கு உறைத்தது. இவர்களுடைய நோன்பு முடிகிற நாள் அவர்களுடைய நோன்புக்கு நட்டநடுவில் விழுகிறது. ஈஸ்டர் சாப்பாடு ஆரோக்கியநாதன் வீட்டில் அவருடைய அப்பா காலத்திலிருந்தே பகல் பன்னிரண்டரைக்கு. அந்த நேரத்தில் மகளும் மருமகனும் சம்பந்தியும் வந்தால் எச்சிலை விழுங்கிக்கொண்டு இலையைப் பார்க்கத்தான் முடியும்.

சொல்லிப் பார்த்தாள். நோன்பு முடிந்து வரட்டுமே என்றார் அவர்.

"நோன்பு முடிஞ்சு வந்தா அது ஈஸ்டர் இல்லங்க, ரம்ஜான். நீங்க கூப்பிட்டது ஈஸ்டருக்கு" என்றாள்.

சொன்ன சொல் என்றதும் அவர் அடங்கிவிட்டார். சரி, சாப்பாடு பொழுது சாய வைத்துக்கொள் என்றார். ஆனால் தான் பகலிலும் சாப்பிடத்தான் செய்வேன், மாத்திரை இருக்கிறது, அதோடு ஆண்டவர் உயிர்த்த நாளில் பட்டினி கிடக்கிற வழக்கம் கிறிஸ்தவனுக்கு இல்லை என்றார்.

பிலோமினாள் விருந்தை எப்போதும் பின்னாலிருந்து யோசிப்பவள். கடைசியாகப் பாயாசம் விழும் நேரத்தை முதலில் மனதில் வைப்பாள். அங்கிருந்து நடந்து நடந்து பின்னால் வந்து, வெங்காயம் உரிக்கிற நேரத்தில் நிற்பாள். இந்த முறை பாங்கு சொல்லும் நேரத்திலிருந்து தொடங்கினாள். பொழுது அடங்கியதும் பேரீச்சம்பழம், கஞ்சி. அவர்கள் தொழுது முடித்ததும் சோறு. சீரகச் சம்பா, எலும்பு சேர்த்த ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய்ப் பச்சடி, தயிர் வெங்காயம். கறியை நெல்பேட்டைக்குத் தானே போய் ஹலால் கடையில் வாங்கி வருவது. தவக்காலம் தொடங்கும்போது வீட்டில் ஊறப்போடும் திராட்சை ஒயினை, மருமகன் வீட்டாரை நினைத்து, இந்த வருடம் அவள் போடவே இல்லை. ஆரோக்கியநாதன் காலி ஜாடியை மட்டும் ஒருமுறை திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

இதெல்லாம் சின்ன விஷயம். அவள் தூக்கத்தைக் கெடுத்தது வேறு. டயானா கை பட்ட எதையும் அவர் தின்ன மாட்டார். ஒரு குழம்பில் அவள் கரண்டியை விட்டால் போதும், அவர் மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டு எழுந்துவிடுவார். சம்பந்தி முன்னால் அது நடந்தால் மகள் மறுபடி இந்தப் படி ஏற மாட்டாள். அதனால் எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்வது, தன் கையாலேயே பரிமாறுவது என்று பிலோமினாள் முடிவு பண்ணினாள். அப்படிச் செய்தால் அவர் சொல் தவறாமலே மகளோடு ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். அவளுக்கு அது போதும்.

போனில் மகளிடம் கறாராகச் சொன்னாள். வீட்டிலிருந்து ஒன்றும் செய்து எடுத்து வரக்கூடாது. அடுக்களைப் பக்கமே வரக்கூடாது. விருந்தாளி மாதிரி வந்து விருந்தாளி மாதிரி உட்கார வேண்டும். ஏன் என்று டயானா கேட்கவில்லை. "சரிம்மா" என்றாள்.

அன்று ராத்திரி அவள் ஒரு நேர்ச்சை செய்துகொண்டாள். அவர் மகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவரை, ஈஸ்டர் அன்று பல்லில் தண்ணீர்கூடப் படாமல் அவளும் இருப்பாள். பங்குச் சாமியாரிடம் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பார் என்று தெரியும். தெரிந்த பதிலுக்கு எதற்கு ஒரு மனிதரைத் தொந்தரவு பண்ணுவது? ஆரோக்கியநாதனுக்கு விஷயம் தெரிந்ததும், ஈஸ்டர் அன்றைக்கு ஒருசந்தி இருக்கிற ஒரே சத்தியவேதக்காரி இந்த உலகத்திலேயே நீதான் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். குவைத்தில் வேலை பார்க்கிற மகன் ஜினோ போனில் சிரித்தான்.

"ஏம்மா, நாப்பது நாளு முடிச்சுட்டு மறுநாளே அடுத்ததா? ஒரே மாசத்துல ரெண்டு மோட்சத்துக்கும் டிக்கெட் போடப் பாக்குறீங்களே."

"எந்தப் பக்கம் கூட்டம் கம்மியா இருக்கோ அந்தப் பக்கம் போயிக்கிறேன்டா" என்றாள்.

வேடிக்கையாகப் பேசினாளே தவிர, அவள் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒருசந்தி என்றால் ஒருவேளைச் சாப்பாடு உண்டு, தண்ணீர் உண்டு. அதைத்தான் அவள் ஆயுசு பூராவும் இருந்து பழகியிருந்தாள். நோன்பு பிடிக்கிறவர்கள் விடியுமுன் எழுந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் பிடிப்பார்கள். இவளோ நடுராத்திரிப் பாஸ்கா பூசை முடிந்து வந்து அடித்துப் போட்டதுபோலத் தூங்கி எழுந்து, விடியற்காலைச் சாப்பாடும் இல்லாமல், தண்ணீரும் இல்லாமல், மதுரை வெயிலில் அடுப்படியில் நின்றாள். இரண்டு வேதத்திலும் கடினமான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு ஆரோக்கியநாதன் தனியாக உட்கார்ந்தார். ரசம், அவித்த முட்டை. ஜெபம் சொல்லிவிட்டு அரைச் சோற்றிலேயே எழுந்துவிட்டார். உப்பே இல்லையே என்றார். பொங்கலுக்குப் பிறகு டாக்டர் சொல்படி அவருக்கு உப்பைப் பாதியாகக் குறைத்துத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அதனால் அதை அவள் காதில் வாங்கவில்லை.

மூன்று மணி வாக்கில் ஆட்டோ வந்து நின்றது. தவ்பீக் முதலில் இறங்கினான், பிறகு அவன் அம்மா மைதீன் பீவி, அப்புறம் தூங்கிக்கொண்டிருந்த ஹுமாவைத் தோளில் போட்டபடி டயானா. ஆரோக்கியநாதன் வாசலில் நின்று, "வாங்க, எல்லாரும் வாங்க" என்றார். அந்த எல்லாரில் மகளும் அடக்கம். தனியாக அவளுக்கென்று ஒரு சொல் இல்லை. உடம்பு எப்படிப்பா இருக்கு என்று அவள் கேட்டாள். "இப்பத் தேவலை" என்று தவ்பீக்கைப் பார்த்துப் பதில் சொன்னார். மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா என்று கேட்டாள். சாப்பிடுவதாகவும் தவ்பீக்கிடம்தான் சொன்னார். தவ்பீக் சங்கடத்தோடு தலையாட்டிக்கொண்டே இருந்தான், தானே அந்தக் கேள்விகளைக் கேட்டவன் போல.

மைதீன் பீவி உள்ளறையில் தொழுதுவிட்டு, தூக்கம் கலைந்து அழுத பேத்தியைத் தூக்கிக்கொண்டு ரயில் காட்ட மொட்டை மாடிக்குப் போனாள். தவ்பீக், பள்ளிவாசலில் தொழுகையை முடித்து நோன்புக் கஞ்சி வாங்கி வருவதாகத் தூக்குவாளியோடு கிளம்பினான். கூடத்தில் ஆரோக்கியநாதன் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தார். சுவரோரம் ஒரு நாற்காலியில், சொன்ன சொல் மாறாமல், டயானா விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அடுக்களையில் பிலோமினாள் கறியை வதக்கி, அரைத்த மசாலாவை ஊற்றி, தண்ணீர் விட்டுக் கிளறினாள். ஆவி முகத்தில் அடித்தது. அடுப்பு இரண்டாகத் தெரிந்தது. பிறகு தரை மேலே வருகிற மாதிரி இருந்தது. கரண்டி கீழே விழுந்த சத்தம்தான் அவள் காதில் கடைசியாகக் கேட்டது. கண் திறந்தபோது டயானாவின் மடியில் தலை இருந்தது. ஆரோக்கியநாதன் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடிங்கம்மா" என்றாள் டயானா. "மயக்கம் வந்தா நோன்பைத் திறந்துரலாம். மார்க்கத்துலயே இருக்கு."

"உன் மார்க்கத்துல இருக்கும். என் நேர்ச்சையில இல்ல."

"விட்டுரு" என்றார் ஆரோக்கியநாதன், கூரையைப் பார்த்து. "அவ கேக்க மாட்டா." மகள் காதில் விழ வேண்டும் என்று அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். ஆனால் அதையும் கூரையிடம்தான் சொன்னார்.

இரண்டு பேருமாக அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் அடுக்களையை ஒட்டிய அறைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் கதவு கிடையாது, திரைதான். அவர் கூடத்துக்குத் திரும்பிப் போனார். பிலோமினாள் எழுந்திருக்கப் பார்த்தாள். கால் சொன்னபடி கேட்கவில்லை. அப்போது அடுக்களையில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. விழுந்த கரண்டியைக் கழுவுகிறாள். அடுத்து, அது சட்டிக்குள் இறங்குகிற சத்தம்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வாரம் பின்னாலிருந்து யோசித்து யோசித்துக் கட்டிய விருந்து ஒரு கரண்டியில் போயிற்று. இனி அந்தக் குழம்பு டயானா வைத்த குழம்பு. அவர் தொட மாட்டார். பொழுது சாய்ந்ததும் எல்லாரும் உட்காருவார்கள், அவர் மோரைக் கேட்பார், மைதீன் பீவி ஏன் என்று கேட்பாள். மகள் தலையைக் குனிந்துகொள்வாள். பிலோமினாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபம் ஒன்றும் வரவில்லை. குழம்பு கொதிக்கிற சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

கொஞ்ச நேரம் போனது. தேங்காய் அரைபட்டது. தீ குறைந்தது. பிறகு டயானாவின் குரல், கூடத்தைப் பார்த்து.

"அப்பா."

பத்திரிகையின் பக்கம் ஒன்று திரும்பியது.

"உப்புப் பாக்கணும்பா. எனக்கு நோன்பு. அம்மாவும் நேர்ச்சையில கிடக்காங்க. வீட்டுல வாயில வைக்கிற ஆளு நீங்க மட்டும்தான் இருக்கீங்க."

பத்திரிகை சலசலக்கவில்லை. பிலோமினாள் ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். நேர்ச்சை போனால் போகிறது, தானே போய் ஒரு சொட்டை நாக்கில் வைத்துவிட்டால் அவர் தப்பித்துக்கொள்வார், மகள் மானமும் தப்பிக்கும் என்று நினைத்தாள். காலைத் தரையில் வைத்தபோது கூடத்தில் நாற்காலி நகர்ந்தது.

திரைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரல்கடை இடைவெளி இருந்தது. அவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார். நிலையைத் தாண்டவில்லை. அந்தத் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்ற மாதிரியே நின்றார். டயானா கரண்டியில் கொஞ்சம் குழம்பை எடுத்து, ஊதி ஆற்றி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. இரண்டு பேரும் அந்தச் சொட்டைப் பார்த்தார்கள்.

ஆரோக்கியநாதன் கையை நீட்டினார். பூசையில் நற்கருணை வாங்கப் போகிறவரைப் போல ஒரு கைக்கு மேல் ஒரு கையை வைத்து நீட்டினார். அவள் உள்ளங்கையில் விட்டாள். அவர் அதை வாய்க்குக் கொண்டுபோக எத்தனை நேரம் எடுத்துக்கொண்டார் என்பதைப் பிலோமினாள் பிற்பாடு கால் மணி நேரம் என்று சொல்வாள். அவ்வளவு இருக்காது. ஆனால் அடுப்பை ஒருமுறை அணைத்துப் பற்ற வைக்கிற நேரம் நிச்சயம் இருக்கும்.

"பத்தல" என்றார்.

மகள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். டயானா திரும்பி, உப்பு ஜாடியைத் திறந்து, ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, மறுபடி நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம்."

மறுபடி போட்டாள். மறுபடி கை நீண்டது. இந்தத் தடவை ஊதி ஆற்றும்வரை அவர் காத்திருக்கவில்லை.

"போதும்" என்றார். போகத் திரும்பியவர் நின்றார். "தேங்காப்பால் விட்டியா?"

"அரைச்சு விட்டேம்பா."

"ம்" என்றார். "உங்கம்மாவை எந்திரிக்க விடாதே."

கூடத்துக்குப் போகிற வழியில் அவர் கையைக் கழுவவில்லை. உள்ளங்கையைத் திரும்பத் திரும்ப நாக்கால் துடைத்துக்கொண்டே போனார், சின்னப் பையன் மாதிரி. பிலோமினாள் திரைக்கு இந்தப் பக்கம் கட்டிலில் சாய்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். உடம்பில் தண்ணீரே இல்லை என்று நினைத்திருந்தவளுக்கு அவ்வளவு கண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

பொழுது சாய்ந்தது. கூடத்தில் பாய் விரித்தார்கள். தவ்பீக் கொண்டுவந்த கஞ்சியை டயானா கிண்ணங்களில் ஊற்றினாள். பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் ஊற்றிய கஞ்சிக்கும் இதற்கும் இஞ்சிதான் வித்தியாசம் என்றாள் பிலோமினாள். கறி என்று திருத்தினார் ஆரோக்கியநாதன். அவர் எழுந்து நின்று சாப்பாட்டு ஜெபம் சொன்னார். உயிர்த்த ஆண்டவருக்கு நன்றி சொன்னார்; வந்திருக்கிறவர்களுக்காக வேண்டினார். பெயர் சொல்லும் இடம் வந்ததும், டயானாவா சமீனாவா என்று குரல் ஒரு நொடி தடுமாறியது. "எங்க மகளுக்காகவும்" என்று முடித்தார். அவர் ஆமென் சொல்லவும் அடுத்த தெருப் பள்ளிவாசலில் பாங்கு எழும்பவும் சரியாக இருந்தது. பேரீச்சம்பழம் கைமாறியது; ஆரோக்கியநாதனும் அவர்களோடு உட்கார்ந்து ஒன்றைத் தின்றார். பிலோமினாள் குடித்த முதல் வாய்த் தண்ணீர் நெஞ்சு நெடுக இறங்கியது அவளுக்கே கேட்டது.

அவர்கள் தொழுது வந்ததும் இலை போட்டார்கள். பிலோமினாள் எழப் போனாள். டயானா அவள் தோளை அமுக்கி உட்கார வைத்துவிட்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பரிமாறி வந்தாள். அப்பா இலைக்கு முன்னால் வந்ததும் தயங்கினாள். அவர் சோற்றில் குழி பறித்தார். அவள் ஊற்றினாள். அவர் பிசைந்து தின்றார். ஹுமா பேக்கரியில் வாங்கிய சர்க்கரை முட்டையை உரிக்கச் சொல்லித் தாத்தாவிடம் நீட்டினாள். அதற்கு ஓடு கிடையாது என்று அவளுக்கு விளக்கிக்கொண்டே தின்றார். இரண்டாம் முறையும் குழம்பு கேட்டார்.

மைதீன் பீவி மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவள். எலும்பை உறிஞ்சி வைத்துவிட்டு, "கறி பூவா வெந்திருக்கு. உப்புதான் ஒரு கல்லு தூக்கல்" என்றாள்.

டயானா இலையைப் பார்த்தாள். ஆரோக்கியநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தத் தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். ஜனவரியிலிருந்து உப்பில்லாமல் தின்று தின்று தன் நாக்கு கணக்குத் தவறிவிட்டது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சொல் விஷயத்தில் அவர் சபை முன்னால் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா? தவ்பீக் பக்கம் திரும்பி விளக்கினார்.

"நான் ஒண்ணு சொன்னா மாற மாட்டேன், மாப்ள. ஆனா இன்னைக்கு வேற வழியில்லாமப் போச்சு. நோன்புல இருக்கிறவுக உப்புப் பாக்கக் கூடாது. அது உங்க சட்டம். இவளும் நேர்ச்சைன்னு படுத்துக்கிட்டா. மத்தவுக சட்டத்துக்காக நான் இறங்கி வந்தேன். அம்புட்டுத்தான்."

தவ்பீக் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தோடு மனைவியைப் பார்த்தான். டயானா அவனைப் பார்க்காமல் தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். மைதீன் பீவிக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. தயிர் வெங்காயத்தை இலையில் ஒதுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"யாருண்ணே அப்படிச் சொன்னா? சமைக்கிற பொம்பளைக்கு அதெல்லாம் தடை கிடையாது. நாக்கு நுனியில ஒரு சொட்டு வச்சுப் பாத்துட்டுத் துப்பிறலாம், தொண்டையில இறங்காட்டிச் சரி. மொத நோன்புலயே நான்தான் நம்ம சமீனாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆறு வருசமா எங்க வீட்டுல அவதான் உப்புப் பாக்குறா."